துலாக்கோலின் ஒரே முன்னாள் மாணவர்

சோணாத்திரி சட்டக் கல்லூரியின் முன்னாள் மாணவர்களுக்கான ஆண்டிதழ் ‘துலாக்கோல்’. தன் பத்தாம் ஆண்டு மலரில் தன் வரலாற்றைத் தானே எழுதிக்கொள்ளப் போவதாக அது சென்ற வருஷம் அறிவித்தது. எழுத உட்கார்ந்த பிறகுதான் பழைய இதழ் ஒன்றுகூடக் கல்லூரியில் இல்லை என்று தெரிந்தது. தேடிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள்.

திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய பேப்பர் எடைக்கு வாங்குகிற கலீல் ரஹ்மான் நான்தான். ‘துலாக்கோல்’ வெளியான வாரமே அதில் பெரும்பகுதி கட்டுப் பிரிக்காமல் எனக்கு வந்துவிடும். நல்ல வழவழப்பான தாள். பஜ்ஜிக் கடைக்காரர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். வாங்கியதை ஒரு தடவை படித்துவிட்டு, ஒரு பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பது என் வழக்கம். அந்த இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவன் என்று இந்த ஊரில் ஒருவன் இருந்தால் அது நான்தான். அதன் ஆசிரியர்கூடப் படித்திருக்க மாட்டார்.

இதழ்களை இரவல் வாங்கிப் போய் வரலாற்றை எழுதினார்கள். அதுவும் கட்டாக எனக்கே வந்து சேர்ந்தது. படித்துப் பார்த்தேன். கல்லூரிக்கு முன்னாள் மாணவர் எப்படிக் கிடைத்தார் என்பதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

கல்லூரியின் தாளாளர் தசரதன், ரைஸ் மில் முதலாளி. தேரடி வீதிக்கு அடுத்த தெருவில் அவருக்கு ஒரு சத்திரம் இருந்தது. கார்த்திகை தீபத்துக்கு அதன் மாடி நிரம்பி வழியும். மற்ற நாட்களில் ஆள் நடமாட்டம் இருக்காது. சும்மாக் கிடக்கிற மாடியில் என்ன வைக்கலாம் என்று நாலு பேரிடம் யோசனை கேட்டார். கோழி வளர்க்கலாம் என்றார் ஒருவர். நாற்றம் கீழே இறங்கும் என்று அதைத் தள்ளிவிட்டார்கள். சட்டக் கல்லூரி வைக்கலாம் என்றார் வக்கீல் இராமலிங்கம். அதில் நாற்றம் கிடையாது என்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இராமலிங்கத்தின் கட்சிக்காரர்கள் எல்லாரும் வேறு வக்கீல் பார்த்துக்கொண்டு போய்விட்டிருந்த சமயம் அது. அவரே முதல்வரானார். எழுபத்து நான்காம் வருஷம் கல்லூரி திறந்தது. பல்கலைக்கழக அங்கீகாரம் மட்டும் வரவில்லை. ‘அங்கீகாரம் வந்துகொண்டிருக்கிறது’ என்று வாசலில் போர்டு மாட்டினார்கள். அது வருகிற வரைக்கும் மாணவர்கள் பரீட்சை எழுத முடியாது. பாடம் மட்டும் கேட்கலாம்.

அப்படிப் பாடம் கேட்க வந்தவர்களில் ஒருவன் வேடியப்பன். ஊர் கீழ்பென்னாத்தூர். அப்பா இருசப்பனுக்குக் கொஞ்சம் நிலம், அதில் மல்லாட்டை என்று எங்கள் பக்கத்தில் சொல்கிற வேர்க்கடலையும் நெல்லும். அந்த நிலத்துக்குத் தண்ணீர் பங்காளி ராஜமாணிக்கத்தோடு பொதுவான ஒரு கிணற்றிலிருந்து வரவேண்டும். வாரத்தில் பாதி நாள் இவர்கள் முறை. ராஜமாணிக்கம் மோட்டார் போட்ட பிறகு இவர்கள் முறையை மறந்துவிட்டார். இருசப்பன் கேஸ் போட்டார். வக்கீல்கள் வாய்தா வாங்கினார்கள். பயிர் காய்ந்தது. மறுபடியும் வாய்தா வாங்கினார்கள்.

இருசப்பனுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. “நம்மூட்டுலயே ஒரு கறுப்புக் கோட்டு இருந்துச்சுன்னா எவன்கிட்டயும் போயி நிக்க வேணாம்” என்று சொல்லி, பி.ஏ. முடித்த மகனைக் கல்லூரியில் சேர்த்தார். அதோடு நிற்கவில்லை. நிலத்தையும் கிணற்றுப் பங்கையும் மகன் பெயருக்கே எழுதிவைத்தார். வக்கீல் பேரில் கேஸ் இருந்தால் எதிரி பயப்படுவான் என்பது அவர் கணக்கு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோர்ட்டில் எழுதிப் படிக்கிறவர்கள்மீது அவருக்கு அபாரமான மரியாதை.

அடுத்த வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வரப்போவதாகத் தகவல் வந்தது. ஒரு சட்டக் கல்லூரியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பார்த்துவர இராமலிங்கம் பட்டணம் போனார். அங்கே பெரிய கல்லூரி ஒன்றைச் சுற்றிப் பார்த்தார். பெரிய கட்டடம் இருந்தது. நூலகம் இருந்தது. பேராசிரியர்கள் இருந்தார்கள். எல்லாம் சிரமம் என்று பட்டது. வாசலுக்கருகே கண்ணாடி அலமாரியில் முன்னாள் மாணவர் பத்திரிகை ஒன்று இருந்தது. இதை நாமே செய்துவிடலாம் என்று தோன்றியது.

ஊர் திரும்பியதும் ஆட்சிக்குழுவைக் கூட்டிப் பேசினார். அந்தப் பேச்சு முதல் இதழில் முழுவதுமாக இருக்கிறது. “கட்டடம் இடியும். புத்தகத்தைக் கரையான் அரிக்கும். பேராசிரியர் சம்பளம் கேட்பார். ஒரு கல்லூரிக்கு அழியாத சொத்து அதன் முன்னாள் மாணவர்கள் மட்டுமே. அவர்கள் நம்மிடம் எதையும் கேட்பதில்லை” என்றார். கை தட்டினார்கள்.

தட்டி முடித்த பிறகு, இதழின் ஆசிரியராக நியமிக்கப்பட்ட வக்கீல் சுப்பிரமணி ஒரு சந்தேகம் கேட்டார். “சார், நம்ம காலேஜுல இன்னும் யாரும் படிச்சு முடிக்கலையே.”

“முடிக்கணும்னு எங்க இருக்கு?” என்றார் இராமலிங்கம். “ஒருத்தன் முன்னாடி இங்க மாணவனா இருந்திருக்கணும். இப்ப இருக்கக் கூடாது. சட்டத்துக்கு அது போதும். ஒருத்தனை நீக்கிட்டா வேலை முடிஞ்சது.”

யாரை நீக்குவது என்று பார்த்தார்கள். ஒருவன் கவுன்சிலரின் மைத்துனன். ஒருவன் தாளாளருக்கு நெல் போடுகிறவர் மகன். ஒருவனுடைய அப்பா போலீஸில் இருந்தார். இப்படி ஒவ்வொருவருக்கும் பின்னால் யாராவது நின்றார்கள். வேடியப்பனுக்குப் பின்னால் யாரும் இல்லை. முகமும் போட்டோவுக்கு நன்றாக இருந்தது.

நீக்குவதற்குக் குற்றம் வேண்டும். வேடியப்பன் ஒரு நாளும் பாடத்துக்கு வராமல் இருந்ததில்லை. அதையே எடுத்துக்கொண்டார்கள். தீபத்தன்று கல்லூரிக்கு விடுமுறை என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. வழக்கம்போல வந்து வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அன்று அந்த அறை பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. பெஞ்சுக்கடியில் படுத்திருந்த கிழவி எழுந்து, யாரோ சாமி பார்க்க வந்த பிள்ளை என்று நினைத்து, அவனுக்குப் புளிசாதம் கொடுத்திருக்கிறாள். அவனும் சாப்பிட்டிருக்கிறான்.

விசாரணை முறைப்படி நடந்தது. முதல்வர் அங்கியோடு வந்தார்.

“சார், நான் இன்னா தப்பு பண்ணேன்?”

“அதைத்தான் கண்டுபிடிச்சுக்கிட்டிருக்கோம். குறுக்க பேசாத. வாடகைக்கு விட்ட அறையில அனுமதி இல்லாம நுழைஞ்சியா, இல்லையா?”

“அது எங்க கிளாஸுங்க.”

“நுழைஞ்சியா, இல்லையா?”

“நுழைஞ்சங்க.”

“புளிசாதம் சாப்பிட்டியா?”

“அந்தம்மாதான் குடுத்தாங்க.”

“வாடகைதாரர் உணவை உட்கொண்டதை ஒப்புக்கொள்கிறார்” என்று இராமலிங்கம் சொல்லச் சொல்ல, சுப்பிரமணி எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு வாசித்து முடித்ததும் ஒரு காரியம் நடந்தது. முதல்வர் எழுந்து வந்து வேடியப்பனைக் கட்டிக்கொண்டார். தாளாளர் மாலை போட்டார். “வாங்க, இப்படி உட்காருங்க” என்று நாற்காலி போட்டார்கள். அதுவரை நீ, வா, போ என்றிருந்தவர்கள் அந்த நிமிஷத்திலிருந்து நீங்க என்றார்கள். மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தவனை போட்டோ எடுத்தார்கள்.

“ஒரு மாசம் பொறுத்துக்குங்க, வேடியப்பன்” என்றார் இராமலிங்கம். “குழு வந்துட்டுப் போனதும் நீக்கத்தை ரத்து பண்ணிடறேன். மறுபடியும் நீ என் மாணவன்.”

முன்னாள் மாணவர் சங்கம் உடனே அமைக்கப்பட்டது. பட்டணத்துக் கல்லூரியின் சங்க விதிகளை வரி விடாமல் நகல் எடுத்திருந்தார்கள். தலைவரை ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வேடியப்பன் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து தன் பெயரை முன்மொழிந்தான். பிறகு இரண்டாம் வரிசைக்குப் போய் வழிமொழிந்தான். ஜனநாயகம் என்றால் போட்டி இருக்க வேண்டும் என்று சுப்பிரமணி சொன்னதால் தன்னை எதிர்த்துத் தானே நின்றான். ஓட்டுப் போட்டான். ஜெயித்தான். தோற்றவரைப் பற்றி நாலு வார்த்தை பெருந்தன்மையாகப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். அதையும் பேசினான். இவ்வளவும் முடித்து அவன் கேட்டது ஒன்றுதான். “சார், நாளைக்கு கிளாஸுக்கு வெளிய நின்னாவது பாடம் கேக்கலாங்களா?”

“கேட்டா மாணவன் ஆயிடுவீங்க. கேக்கக் கூடாது” என்றார் முதல்வர்.

முதல் இதழ் வந்தது. முதல் பக்கத்தில் தாளாளர் படம். இரண்டாம் பக்கத்தில் முதல்வர் படம். அடுத்து தாளாளரைப் பற்றி முதல்வர், முதல்வரைப் பற்றித் தாளாளர், இருவரையும் பற்றி ஆசிரியர். நடுப்பக்கத்தில் ‘நம் முன்னாள் மாணவர்கள் இன்று’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு. கீழே வேடியப்பன் படம், மாலையோடு. கடைசிப் பக்கத்தில் ரைஸ் மில் விளம்பரம்.

ஆய்வுக் குழு வந்தது. மூன்று பெரியவர்கள். காலையில் கோவிலுக்கு அழைத்துப் போய்ப் பரிவட்டம் கட்டினார்கள். மத்தியானம் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு மாடி ஏற முடியாது என்று குழுத் தலைவர் சொன்னதால் கீழேயே பத்திரிகையைக் காட்டினார்கள். புரட்டிப் பார்த்து மகிழ்ந்து, முன்னாள் மாணவர் யாரையாவது பார்க்க முடியுமா என்று கேட்டார். எல்லாரையும் பார்க்கலாம் என்று சொல்லி வேடியப்பனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

“இப்ப என்ன பண்றீங்க?”

“மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்கங்க.”

“எண்ணெய்வித்துத் துறையில இருக்கார்” என்றார் இராமலிங்கம்.

“வழக்கு ஏதாவது நடத்தறீங்களா?”

“ஒரு கிணத்துக் கேஸு இருக்குதுங்க.”

“நீர்ப்பாசனச் சட்டம்” என்றார் இராமலிங்கம்.

கிராமப்புறத்துக்கு இப்படிப்பட்ட வக்கீல்கள்தான் தேவை என்று குழுத் தலைவர் வேடியப்பன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அங்கீகாரம் வந்தது. அந்த உத்தரவில், முன்னாள் மாணவர் இதழ் ஆண்டுதோறும் தவறாமல் வெளிவர வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது.

மறுநாளே வேடியப்பன் நோட்டுப் புத்தகங்களோடு வந்து நின்றான். இராமலிங்கம் அவனை உட்காரவைத்து உத்தரவைப் படித்துக் காட்டினார்.

“உங்களைச் சேர்த்துக்கிட்டா முன்னாள் மாணவர் இல்லை. முன்னாள் மாணவர் இல்லைன்னா பத்திரிகை இல்லை. பத்திரிகை இல்லைன்னா அங்கீகாரம் போயிடும். அங்கீகாரம் போயிட்டா நீங்க சேர்ந்து என்ன பிரயோஜனம்? நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மொத செட்டு பாஸ் பண்ணி வெளிய போற வரைக்கும் பொறுங்க.”

வேறு கல்லூரியில் சேர்ந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் அவன் என் கடையில் வந்து உட்காருவான். பட்டணத்துக் கல்லூரிக்கும் போய்ப் பார்த்திருக்கிறான். மாற்றுச் சான்றிதழைப் பார்த்தார்கள். அத்துமீறி நுழைந்ததற்காக நீக்கப்பட்டவர் என்று அதில் இருந்தது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அதைத் திருத்திக் கொடுங்கள் என்று இராமலிங்கத்திடம் வந்து கேட்டான். அவருக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. “திருத்தினா உங்களை நீக்கினது தப்புன்னு ஆகும். தப்புன்னா நீங்க நீக்கப்படவே இல்லை. அப்புறம் பத்திரிகை போட்டது மோசடி. என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கறீங்களா?” என்று கேட்டார். வேடியப்பன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

முதல் செட்டு பரீட்சை எழுதியது. சிலர் பாஸ் பண்ணி, கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் பட்டணத்தில் என்றார்கள். இன்னும் கொஞ்சம் துணிச்சலானவர்கள் பெங்களூர் என்றார்கள். சோணாத்திரி என்று சொன்னால் கட்சிக்காரன் எழுந்து போய்விடுவான் என்று பயம். சங்கத்தில் சேரும்படி கல்லூரியிலிருந்து போனால், ஆள் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். வருஷா வருஷம் இதே கதை. ஆக, சோணாத்திரியில் படித்தேன் என்று வாய்விட்டுச் சொல்கிற மனிதன் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். அவன் அங்கே படிக்க விடப்படாதவன்.

ஒரே ஆளை வருஷா வருஷம் போட்டால் வாசகர்களுக்கு அலுத்துவிடும் என்று சுப்பிரமணி கவலைப்பட்டார். அதனால் வேடியப்பனை வளர்க்க ஆரம்பித்தார். இரண்டாம் இதழில் அவன் மாவட்டத் தலைநகரில் வழக்காடினான். அடுத்ததில் பட்டணத்துக்குக் குடிபோனான். எண்பதில் உயர் நீதிமன்றத்தில் எதிரிகளைத் திணற அடித்தான். எண்பத்திரண்டில் ஒரு வழக்குக்காக டெல்லிக்கு விமானத்தில் போய்வந்தான். அந்த வருஷம் மழை இல்லை. அவன் குடும்பத்தோடு ஏரி வேலைக்கு மண் சுமந்துகொண்டிருந்தான்.

பழைய மாலை போட்டோவில் சட்டைக் காலர் கிழிந்திருந்தது. ஸ்டூடியோ ஜானி பாஷாவிடம் கொடுத்து அதன்மேல் கறுப்புக் கோட்டு வரையச் சொன்னார்கள். ஜானி பாஷா நல்ல கைகாரர். கழுத்துப் பட்டையெல்லாம் வைத்து அச்சாக வரைந்துவிட்டார். அந்த இதழை வேடியப்பன் வீட்டுக்குக் கொண்டுபோனபோது இருசப்பன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாராம்.

“கோட்டு வந்துடுச்சாடா?”

“இல்லப்பா. அது மை.”

“மையா” என்றார் இருசப்பன். அம்மா பச்சையம்மாள் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.

ஒவ்வோர் இதழிலும் ‘முன்னாள் மாணவர் மடல்’ என்று ஒரு பக்கம் உண்டு. சுப்பிரமணி எழுதுவார், வேடியப்பன் கையெழுத்துப் போடுவான். அந்தக் கையெழுத்தை அப்படியே பிளாக் செய்து அச்சிடுவார்கள். எதற்குப் போடுகிறாய் என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். “போட்டாத்தான் அடுத்த வருசம் சேத்துக்கறது பத்தி யோசிக்கறன்னாரு, பாய்” என்பான். அவனுக்கு அந்த ஒரு நினைப்புத்தான். அவ்வளவு நம்பிக்கையை ஒருவன் கல்லில் வைத்திருந்தால் கல்லும் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கும்.

எண்பத்து மூன்றாம் வருஷத்து மடலில் சுப்பிரமணி கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். ‘என் கிராமத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன். அந்தக் கிணற்றுத் தண்ணீர் இனி எனக்குத் தேவையில்லை. நீதியின் ஊற்றிலே பருகுகிறேன்’ என்று எழுதினார். நன்றாக இருக்கிறது என்று முதல்வர் பாராட்டினார். வேடியப்பன் கையெழுத்துப் போட்டான்.

அந்தச் சமயத்தில் ராஜமாணிக்கத்தின் வக்கீல் செத்துப்போனார். ராஜமாணிக்கம் புது வக்கீல் தேடினார். சுப்பிரமணியைப் பிடித்தார்.

வேடியப்பன் பதறிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினான். சுப்பிரமணி காப்பி கொடுத்து உபசரித்தார். “பத்திரிகை வேற, தொழில் வேற. பத்திரிகையில நான் உங்க ஆள். கோர்ட்டுல நான் அவர் ஆள். ரெண்டையும் கலந்தா தர்மம் கெட்டுடும்” என்று சொல்லி அனுப்பினார்.

கேஸ் விசாரணைக்கு வந்த அன்று கடையைச் சாத்திவிட்டு நானும் கோர்ட்டுக்குப் போனேன். இருசப்பன் துவைத்த வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கடைசியில் நின்றிருந்தார். கூண்டில் வேடியப்பன். சுப்பிரமணி ஒரு கட்டு ‘துலாக்கோல்’ எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இந்தப் படத்துல இருக்கிறது நீங்கதானே?”

“மூஞ்சி என்னுதுங்க. கோட்டு ஜானி பாஷா போட்டதுங்க.”

“ஜானி பாஷா உங்களுக்குக் கோட்டு போட்டுவிட்டார். அது கிடக்கட்டும். கையெழுத்து?”

“என்னுதுங்க.”

“அதையும் ஜானி பாஷாதான் போட்டாரா?”

எல்லாரும் சிரித்தார்கள். நீதிபதியும் சிரித்தார்.

“எழுதனது நீங்கதானே சார். நான் கையெழுத்து மட்டுந்தான போட்டேன்.”

“சாட்சி வக்கீலைக் கேள்வி கேக்கக் கூடாது” என்றார் சுப்பிரமணி. “இத பாருங்க. இதுல இருக்கிற வேடியப்பன் நீங்கதானா, இல்லையா? நீங்கதான்னா, பட்டணத்துல பெரிய வக்கீல். இங்க பயிர் வெக்கல. கிணத்துத் தண்ணி வேணாம்னு உங்க கையாலயே எழுதிக் குடுத்துட்டீங்க. நீங்க இல்லைன்னா, இத்தனை வருஷமா வக்கீல்னு பொய்யா கையெழுத்துப் போட்டு ஊரை ஏமாத்தியிருக்கீங்க. அதுக்கு வேற செக்‌ஷன் இருக்கு. எது?”

வேடியப்பன் அப்பாவைப் பார்த்தான். அப்புறம் நீதிபதியைப் பார்த்தான். “நாந்தாங்க” என்றான்.

தீர்ப்பு நீளமாக இருந்தது. நடுவில் வந்த ஒரு வாக்கியம் எனக்கு மனப்பாடம். ‘பல்கலைக்கழக அங்கீகாரம் பெற்ற ஒரு சட்டக் கல்லூரியின் இதழ், அதுவும் ஆண்டுதோறும் தவறாமல் வெளிவருவது, பொய் சொல்லியிருக்கும் என்று கருத முகாந்திரம் இல்லை.’ சென்னையில் வளமாக வாழும் ஒரு பிரபல வழக்கறிஞர், ஏழை உறவினரின் கிணற்றில் பங்கு கேட்பது வருந்தத்தக்கது என்றும் இருந்தது. கிணறு முழுவதும் ராஜமாணிக்கத்துக்குப் போனது.

வாசலில் இராமலிங்கம் காத்துக்கொண்டிருந்தார். வேடியப்பன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நம்ம பத்திரிகை கோர்ட்டுல ஆவணமா ஏத்துக்கப்பட்டிருக்கு. பட்டணத்துக் காலேஜுக்குக்கூட இந்தப் பெருமை கிடைச்சதில்ல. தோல்வியிலயும் கல்லூரிக்குச் சேவை பண்ணிட்டீங்க” என்றார். கண்ணில் நீர் தளும்பியது. நடிப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

இருசப்பன் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மகன் பக்கத்தில் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

“எத்தினி வருசமாடா வக்கீலா கீற?”

“நான் வக்கீல் இல்லப்பா.”

“ஜட்ஜி அய்யா படிச்சாரே. அவரு பொய் சொல்றாரா? எதிர்க்கட்சி வக்கீலே சொல்றாரு, நீ பெரிய வக்கீலுன்னு. நீயே கூண்டுல நின்னு நாந்தான்னு சொன்ன. எங்காதால கேட்டேன்.”

“அப்பா, அது வந்து...”

“ஊருக்கெல்லாம் கேஸு ஓட்டறவன், அப்பன் கேஸுக்கு ஒரு நாளு எயுந்து நிக்கலையேடா” என்றார். அழவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார்.

நான் குறுக்கே புகுந்து நடந்ததையெல்லாம் விளக்கினேன். கல்லூரி, நீக்கம், புளிசாதம், மை எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “பாயி, நீ பழைய பேப்பர் யாவாரம் பண்றவரு. அவரு ஜட்ஜி” என்றார்.

நாலைந்து நாளில் அவர் கோபம் தணிந்துவிட்டது. பெற்ற மனம். பெரிய வக்கீலுக்கு அப்பன்மேல் என்ன வருத்தமோ, அதான் ஆஜராகவில்லை என்று தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். இனி மேல்கோர்ட்டில் அப்பீல் போட வேண்டியதுதான். மகன் தொழில் பண்ணுகிற கோர்ட்டு அதுதானே. பச்சையம்மாள் சோறு கட்டிக் கொடுத்தாள். கீழ்பென்னாத்தூர் நிறுத்தத்தில் பட்டணம் போகிற பஸ்ஸை நிறுத்தி, மகனை ஏற்றிவிட்டார். “எம்புள்ள ஐகோர்ட்டு வக்கீலுங்க. பாத்து எறக்கி வுடுங்க” என்று கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறார். கண்டக்டர் அஸ்மத் என் தெருக்காரர்தான். யாரையோ எழுப்பி வேடியப்பனுக்கு இடம் கொடுத்ததாகச் சொன்னார். செஞ்சிக்குத்தான் டிக்கெட் வாங்கினானாம். செஞ்சி வந்ததும் எழுந்து படிக்கட்டுவரை வந்து, மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டு பட்டணத்துக்கு டிக்கெட் கேட்டானாம்.

அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. கடுதாசி இல்லை.

பத்தாம் ஆண்டு மலரின் அட்டையில் தீர்ப்பின் அந்த வாக்கியத்தைத் தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கட்டுகள் வந்து இறங்கிய அன்று மத்தியானம் இருசப்பன் வந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். நிலம் தரிசாகக் கிடக்கிறது, அடி அண்ணாமலைப் பக்கம் கூலிக்குப் போகிறார். மலரை எடுத்து நடுப்பக்கத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். அதில் கோட்டுப் போட்ட வேடியப்பன் இருந்தான். சுப்பிரமணி இன்னும் அவனை வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

“எம்புள்ள இன்னா பண்றானாம்? படி பாயி” என்றார்.

படித்தேன். சென்னையில் நலமாக இருப்பதாகவும், எடுத்த வழக்கிலெல்லாம் வெற்றி பெறுவதாகவும் போட்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“நம்ம அப்பீலு பத்தி எதுனா?”

“இதுல போடலீங்க” என்றேன்.

“அடுத்த வருசம் போடுவாங்க” என்று எழுந்தார். மலரில் ஒன்றை மடித்துத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.